வாசகர் கேள்வி, நம் பதில்: பவளத்தொட்டியின் நீர்

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டில் 60 லிட்டர் நீர் கொண்ட பவளத்தொட்டி ஒன்று வைத்திருக்கிறோம். இரண்டு கோமாளி மீன்களும், யூஃபிலியா, ஸோவாந்தஸ் பவளங்களும் அதில் உள்ளன. வெப்பத்தைக் குறைக்கச் சிறு மின்விசிறி பொருத்தியதிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் குறைகிறது. அதே அளவு உப்புநீரைக் கலக்கி ஊற்றி வந்தேன். ஒரு வாரத்தில் யூஃபிலியா சுருங்கிவிட்டது. நண்பரின் ரிஃப்ராக்டோமீட்டர் உவர்ப்பை 41 என்று காட்டுகிறது. கால்சியம் 460, காரத்தன்மை 7 டி.கே.ஹெச். எந்த மருந்தை வாங்குவது?
— வாசகி, சிங்கப்பூர்

பதில்: மருந்து எதையும் வாங்க வேண்டாம். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர்தான். உப்பு முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. நீங்கள் நாள்தோறும் ஊற்றிய ஒன்றரை லிட்டர் உப்புநீரில் ஏறத்தாழ 52 கிராம் உப்பு இருந்திருக்கும். ஏழு நாட்களில் அது 360 கிராமைத் தாண்டும். 60 லிட்டருக்கு அதைப் பகிர்ந்தால் லிட்டருக்கு 6 கிராம். கடல்நீரின் இயல்பான 35 உங்கள் தொட்டியில் 41 ஆனது இப்படித்தான். ஆவியான நீரை ஈடுசெய்ய எப்போதும் உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும். உப்புநீர், தொட்டி நீரில் ஒரு பகுதியை வெளியே எடுத்து மாற்றும்போது மட்டுமே.

உவர்ப்பை இறக்குவதையும் பதறாமல் செய்யுங்கள். ஆவியான நீருக்கு ஈடாகத் தூய நீரை ஊற்றுவதோடு, நாள்தோறும் தொட்டியிலிருந்து ஒன்றரை லிட்டரை வெளியே எடுத்து அதே அளவு தூய நீரைச் சேர்த்தால், உவர்ப்பு ஒரு நாளில் சுமார் ஓர் அலகு குறைந்து, ஆறேழு நாட்களில் 35-ஐ எட்டிவிடும். ஒரே நாளில் இறக்குவது, பவளத்துக்கு ஏற்கெனவே நேர்ந்த அதிர்ச்சியின் மேல் இன்னோர் அதிர்ச்சி. நண்பரின் கருவியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெறும் நீரை வைத்துச் சுழியத்தில் நிறுத்துவதைவிட, 35 உவர்ப்புள்ள அளவுத்திருத்தக் கரைசலை வைத்துச் சரிசெய்வதே நம்பகமானது.

கால்சியம் லிட்டருக்கு 460 மில்லிகிராம் என்று நீங்கள் மகிழ்ந்திருக்கக்கூடும். உவர்ப்பு ஏறிய நீரில் எல்லாமே சேர்ந்து ஏறித்தான் காட்டும். உவர்ப்பு 35-க்கு வரும்போது அந்த 460 ஏறக்குறைய 393 ஆகும். 7 என்ற காரத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு (அதன் அலகுதான் டி.கே.ஹெச்.), 6 ஆகிவிடும். கால்சியத்தில் குறை சிறிதுதான். கவலை காரத்தன்மையைப் பற்றியது. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்காக அது லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியத்தை எடுக்கும்போது 2.8 டி.கே.ஹெச். காரத்தன்மையையும் எடுத்துக்கொள்கிறது. நானூற்றில் இருபது போனால் சோதனையில் தெரிவதேயில்லை. எட்டில் ஏறக்குறைய மூன்று போனால் பவளமே சொல்லிவிடும். ஆகவே ஒரே ஒரு சோதனையைத்தான் வாரம் இருமுறை செய்ய முடியும் என்றால், காரத்தன்மையைச் சோதியுங்கள்.

உவர்ப்பு சீரானபின் காரத்தன்மையை 8-ஐ நோக்கி உயர்த்தலாம். 60 லிட்டரில் ஒரு டி.கே.ஹெச். உயர்த்த 1.8 கிராம் சோடியம் பைகார்பனேட் போதும். நம் வீட்டு ஆப்பச்சோடாவும் அதுதான், கலப்பில்லாததாக இருந்தால். பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் அமில உப்புகளும் மாவுப்பொருளும் கலந்திருக்கும், தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். சோடாவைத் தூய நீரில் கரைத்து, நீரோட்டம் வலுவாக உள்ள இடத்தில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்; ஒரு நாளில் ஒரு டி.கே.ஹெச்.சுக்கு மேல் ஏற்ற வேண்டாம். 8 சிறந்ததா, 9 சிறந்ததா என்று வாதிடுவோர் பலர். இவ்வளவு சிறிய தொட்டியில், இரண்டில் ஒன்றில் அசையாமல் நிற்பதே பெரிது என்பது என் கருத்து.

விசிறியைக் கைவிட வேண்டாம். சிங்கப்பூர்க் கரையோரப் பவளங்களே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்தன. மூடிய அறையில் 60 லிட்டர் நீர் சூடாவதற்கு ஒரு பிற்பகல் போதும். மிதவை உணரி கொண்ட தானியங்கி நீரூட்டி ஒன்றைப் பொருத்திவிட்டால், நாள்தோறும் குறையும் ஒன்றரை லிட்டரை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: வாரந்தோறும் பத்து விழுக்காடு நீர் மாற்றுகிறேன். குளோரின் நீக்கும் மருந்து சேர்த்த குழாய்நீரில்தான் உப்பைக் கலக்குகிறேன். நைட்ரேட் 40-லிருந்து இறங்கவில்லை; பாறை முழுவதும் பச்சைப் பாசி.
— வாசகர், லண்டன்

பதில்: பத்து விழுக்காடு நீரை மாற்றினால் நைட்ரேட்டும் பத்து விழுக்காடுதான் குறையும். 40 இருந்தால் 36. நான்கு வாரம் தொடர்ந்தாலும் 26. அதுவும் புதிய நீரில் நைட்ரேட் சிறிதும் இல்லையென்றால், மீன்களுக்கு உணவே போடவில்லையென்றால். லண்டன் குழாய்நீரில் நைட்ரேட் உண்டு. அத்துடன், பழைய ஈயக்குழாய்களிலிருந்து ஈயம் கரைந்துவிடாமல் இருக்க, பிரிட்டனின் குடிநீர் நிறுவனங்கள் நீரில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. மனிதருக்கு அதனால் தீங்கில்லை. பவளத்தொட்டிக்கோ அது வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு. குளோரின் நீக்கி இவ்விரண்டையும் தொடாது. வாரந்தோறும் நீங்கள் மாற்றியது நீரை அன்று, பாசியின் உரத்தை.

கரிவடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு, அதன்பின் அயனிநீக்கிப் பிசின் என மூன்றும் உள்ள வடிகட்டியை வாங்குங்கள். வெளிவரும் நீரை, கரைந்துள்ள பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 0 என்று காட்ட வேண்டும். பிறகு இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கால்பங்கு நீரை, வெப்பமும் உவர்ப்பும் ஒத்திருக்கும்படி பார்த்து மாற்றுங்கள். உறைந்த மீனுணவை வலையில் அலசிப் போடுங்கள். பாறை தன்னுள் தேக்கிய பாஸ்பேட்டை மாதக்கணக்கில் கசியவிடும் என்பதால் பாசி உடனே மறையாது. அதற்காகப் பாஸ்பேட் உறிஞ்சியை அள்ளிப் போட்டுப் பாஸ்பேட்டைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அப்போது பவளம் வெளிறும், பாசி போன இடத்தில் பழுப்பு நிறச் சளிப்படலம் வரும். நைட்ரேட் 5 முதல் 10 வரையும் பாஸ்பேட் 0.05 அளவிலும் நின்றால் போதும்.

கேள்வி: கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கடல்நீரையும், கரையொதுங்கும் பவளத்துண்டுகளையும் தொட்டியில் பயன்படுத்தலாமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: பவளத்துண்டைத் தொடாதீர்கள். கற்பவளங்கள் அனைத்தும் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிருள்ளதாயினும் காய்ந்ததாயினும் வைத்திருப்பது குற்றம். உங்கள் ஊரிலிருந்து ராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகள் 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. மீன்களை மட்டும் வளர்க்கும் தொட்டிக்குக் கடல்நீர் பயன்படும்; ஆனால் துறைமுகத்துக்கும் கழிவுநீர் வாய்க்கால்களுக்கும் அருகில் எடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்றுநீர் கலந்து கரையோர உவர்ப்பு இறங்கியிருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்த பிறகே ஊற்றுங்கள்.