வைரஸ் தாக்கினால் பாக்டீரியா எப்படித் தப்பிக்கிறது?

ரத்தமோ வெள்ளை அணுக்களோ இல்லாத பாக்டீரியாவுக்கு நோய் எதிர்ப்பு எப்படிச் சாத்தியம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒற்றைச் செல்தான், ஆனாலும் அதற்குள் பல அடுக்குப் பாதுகாப்பு இருக்கிறது.

முதலில் வெட்டும் நொதிகள். ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் சில வகைகளில் உள்ள ஈகோஆர்1 என்ற நொதி, உள்ளே வரும் வைரஸின் டிஎன்ஏவில் ஜிஏஏடிடிசி என்ற எழுத்து வரிசையைக் கண்டால் வெட்டிவிடும். தன் டிஎன்ஏவில் அதே வரிசை வரும் இடங்களில் பாக்டீரியா மெத்தில் என்ற சிறு வேதிக் குறி போட்டு வைப்பதால் அந்த டிஎன்ஏ வெட்டுப்படாமல் தப்பிக்கிறது.

அப்புறம் கிரிஸ்பர். எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான், ஏனென்றால் இதற்கு நினைவாற்றல் உண்டு. உள்ளே வந்த வைரஸின் டிஎன்ஏவிலிருந்து சிறு துண்டை எடுத்து, பாக்டீரியா தன் மரபணுத் தொகுதியிலேயே சேர்த்துக்கொள்கிறது. அதே வைரஸ் மறுபடி வந்தால், அந்தத் துண்டின் ஆர்என்ஏ நகல் வழிகாட்ட, காஸ் என்ற வெட்டும் புரதம் வைரஸின் டிஎன்ஏவை வெட்டுகிறது. தயிர் தயாரிப்பில் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் பாக்டீரியாவில் இதை 2007இல் டானிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். துண்டைச் சேர்த்தால் எதிர்ப்பு வந்தது, நீக்கினால் போய்விட்டது. அந்தத் துண்டு அடுத்த தலைமுறைக்கும் போகிறது!

வைரஸை மட்டுமல்ல, செல்லுக்குச் செல் தாவும் சிறு டிஎன்ஏக்களான பிளாஸ்மிட்களையும் கிரிஸ்பர் தடுக்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியாவில் 2008இல் இதைக் காட்டினார்கள். ஆனால் மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் பல பிளாஸ்மிட் வழியாகத்தான் வருகின்றன. அதனால், ஆன்டிபயாடிக் நிறைந்த சூழலில் இந்தத் தடுப்பே பாக்டீரியாவுக்குப் பாதகமாகலாம்.

எதுவும் பலிக்காவிட்டால், வைரஸ் பெருகுவதற்கு முன்பே சில பாக்டீரியாக்கள் தங்களையே மாய்த்துக்கொள்ளும். அந்தச் செல் போனாலும், பக்கத்தில் இருக்கும் அதன் உறவுச் செல்கள் பிழைக்கும்.