மெலித்தா தீவில் கிறிஸ்துமஸ்: வாசகர் கேள்வி-பதில்

வேதாகமம் மெலித்தா என்று சொல்லும் மத்தியதரைக்கடல் தீவு நாடு மால்டா. அங்கே நர்ஸ் வேலைக்குப் போனவர்கள் இல்லாத ஊர் தமிழக-கேரள எல்லைப்புறத்தில் இப்போது குறைவு. இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தத் தீவின் கிறிஸ்துமஸ் பற்றியவை. அவற்றை மட்டும் பிரித்து இங்கே தந்திருக்கிறோம்.

மகள் மால்டாவில் நர்ஸ். டிசம்பர் 22 முதல் நானும் வீட்டுக்காரரும் அங்கே இரண்டு வாரம் இருப்போம். மகளுக்கு 24 சாயங்காலமும் 25ஆம் தேதியும் மட்டுந்தான் லீவு. எங்கே போனால் உருப்படியாக எதையாவது பார்க்கலாம்?
– வாசகி, களியக்காவிளை

கிடைத்திருப்பது சரியான லீவு. மால்டாவில் கிறிஸ்துமஸைப் பார்க்க வேண்டிய நேரம் 24ஆம் தேதி பொழுது சாய்ந்த பிறகுதான். 25 வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடும் நாள். கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், பஸ்ஸும் குறைவு. அன்றைக்குச் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பினால் பூட்டிய கதவுகளைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

24 அன்று சூரியன் ஐந்து மணிக்குள் மறைந்துவிடும். அதையொட்டி ஊருக்கு ஊர் குழந்தை இயேசு பவனி கிளம்பும். சிறுவர்கள் சுரூபத்தைத் தோளில் சுமக்க, மற்ற பிள்ளைகள் விளக்குப் பிடித்துப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். 1907இல் மறைக்கல்விச் சபை ஒன்றைத் தொடங்கி, 2007இல் புனிதர் பட்டம் பெற்ற ஜோர்ஜ் பிரேகா அடிகளார் 1921இல் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது. தலைநகர் வலேட்டாவின் அலங்கார விளக்கை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சாயங்காலத்தை மகள் குடியிருக்கும் ஊரின் பங்குக் கோயிலுக்கே கொடுங்கள். பவனி புறப்படும் நேரம் கோயில் அறிவிப்புப் பலகையில் இருக்கும்.

ராத்திரிப் பூசைக்கு 11 மணிக்கே போய் இடம் பிடியுங்கள். அன்று பிரசங்கம் வைப்பது சாமியார் இல்லை, ஏழிலிருந்து பத்து வயசுக்குள் இருக்கும் ஒரு பிள்ளை. ‘ப்ரீத்கா தத்-திஃபெல்’, அதாவது ‘பிள்ளையின் பிரசங்கம்’ என்று பெயர். 1883இல் லூகா என்ற ஊரில் நடந்ததுதான் பதிவில் உள்ள முதல் பிரசங்கம். முன்பு பையன்கள் மட்டும் ஏறிய இடத்தில் இப்போது பெண்பிள்ளைகளும் ஏறுகிறார்கள். வாரக்கணக்கில் மனப்பாடம் செய்து, கையசைவு உட்படப் பழகி வரும் பிள்ளை அது. பேச்சு மால்டா மொழியில் இருக்கும், புரியாது. பிள்ளை ஓரிடத்தில் தடுமாறும்போது முன்வரிசையில் அதன் அம்மாவின் உதடு அசைவதைப் பாருங்கள், அது புரியும்.

26ஆம் தேதி அங்கே அரசு விடுமுறை இல்லை. விட்டுப்போன கடை வேலையை அன்று முடிக்கலாம்.

மருமகள் அனுப்பிய படத்தில், குடிலில் பாலகனைச் சுற்றி நரைத்த தலைமுடி மாதிரி வெள்ளையாக ஏதோ வைத்திருக்கிறார்கள். பஞ்சா? நம் வீட்டுக் குடிலிலும் வைக்க முடியுமா?
– வாசகி, பாறசாலை

பஞ்சு அடியில்தான் இருக்கிறது. மேலே தெரிவது உயிருள்ள முளை. பெயர் ‘ஜுல்பீனா’. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தீவனப் பயற்றை இருட்டில் முளைக்க வைப்பார்கள். வெளிச்சம் படாததால் பச்சையம் உண்டாகாது. வெளிச்சத்தைத் தேடித் தண்டு மட்டும் நூலாக நீண்டு வெளுத்துக் கிடக்கும். நம் அம்மன் கோயில் முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பதும் இதே கணக்குதான். முளைப்பாரி போட்டுப் பழகிய பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பயறு இங்கே கிடைக்காது. அதற்கு நெருங்கிய உறவு முழு மைசூர் பருப்பு. தோலோடு இருக்கும் பழுப்பு நிற முழுப் பருப்பாக வாங்குங்கள். உடைத்த சிவப்புப் பருப்பு முளைக்கவே முளைக்காது. விதைக்கடையில் மருந்து கலந்து சாயம் ஏற்றிய விதையும் வேண்டாம், குழந்தைகள் கைவைக்கும் இடம். முதலில் பத்துப் பருப்பை மட்டும் ஊறவைத்துப் பாருங்கள். அதில் எட்டுப் பருப்பாவது முளைக்காவிட்டால் பழைய சரக்கு, கடையை மாற்றுங்கள். மைசூர் பருப்பு கிடைக்காவிட்டால் கோதுமை போதும். முளை தடிப்பாக, புல் மாதிரி நிற்கும். முடி போன்ற சாயல் வராது.

15 செ.மீ. அகலத் தட்டுக்கு 30 கிராம் பருப்பு சரியாக இருக்கும். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் வடித்துவிடுங்கள். தட்டில் ஒரு செ.மீ. கனத்துக்குப் பஞ்சு பரப்பி நனைத்து, தட்டைச் சாய்த்து மிச்சத் தண்ணீரைக் கொட்டுங்கள். பருப்பு ஒன்றையொன்று தொடலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் அடியில் உள்ளது அழுகி, நாற்றம் மேலே வரும். சின்னக் குடிலாக இருந்தால் சிரட்டையில் போடுங்கள், பார்க்க அழகு. பிறகு அட்டைப் பெட்டியால் மூடி, அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.

நாள் கணக்கில்தான் பலர் தவறுவார்கள். மால்டாவில் நவம்பர் மூன்றாம் வாரம் போட்டு ஐந்து வாரம் வளர்ப்பார்கள், ஏனென்றால் அந்த மாதத்தில் அங்கே வீடு குளிர்ந்து கிடக்கும். நம் ஊர்ச் சூட்டுக்கு அதே தேதியில் போட்டால் டிசம்பர் பத்துக்குள் வளர்ந்து, சாய்ந்து, மஞ்சளித்துப் போய்விடும். இங்கே மைசூர் பருப்புக்கு 12 நாள், கோதுமைக்கு 9 நாள். டிசம்பர் 12 அன்று ஒரு தட்டும், 14 அன்று இன்னொன்றும் போட்டால் ஒன்றாவது பதமாக இருக்கும்.

தண்ணீரை ஊற்றாதீர்கள். காலையும் மாலையும் தெளிப்பானால் லேசாக அடித்தால் போதும். மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளைப் பூ மாதிரி தெரியும். பூஞ்சணம் என்று பதறித் தூக்கி எறிபவர்கள் உண்டு. தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி. ஒட்டடையாக அப்படியே நின்று, புளித்த வாடையும் அடித்தால் பூஞ்சணம். அந்தப் பகுதியைப் பஞ்சோடு கிள்ளி எடுத்துவிட்டு, பெட்டியில் பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போடுங்கள். ஓட்டைக்கு உள்பக்கம் கறுப்புத் துணி தொங்கவேண்டும்.

24 சாயங்காலம் வெளியே எடுத்தால் போதும். ஒருநாள் முன்னதாக எடுத்துவிட்டால் பாலகன் வருவதற்குள் பச்சையாகிவிடும்.

மால்டாவை ஒட்டிய கோசோ தீவில் ஒரு கிராமத்தையே பெத்லகேமாக மாற்றுகிறார்களாமே? ஒருநாளில் போய்வர முடியுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

முடியும். ஐன்சீலெம் என்ற ஊரின் வயல்வெளியில் போடுகிறார்கள். பொம்மைக்குப் பதில் ஆட்களே தச்சர், ரொட்டி சுடுபவர், ஆட்டிடையர் வேஷத்தில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஆடு, கழுதை எல்லாம் நிஜம். திறந்திருக்கும் நாளும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துப் போங்கள். நடப்பது திறந்தவெளியில் என்பதால் பலத்த மழை வந்தால் கெட்டது காரியம். ஒரே ஒரு நாளை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

போகும் வழி எளிது. மால்டாவின் வடகோடியில் சிர்கெவ்வா துறை. அங்கிருந்து பெரிய கப்பல் சுமார் 25 நிமிடத்தில் கோசோவின் இம்ஜார் துறைக்குக் கொண்டுவிடும். போகும்போது டிக்கெட் கேட்கமாட்டார்கள், திரும்பும்போது இம்ஜாரில் இரண்டு வழிக்கும் சேர்த்து வாங்குவார்கள். ‘ஓசிப் பயணம்’ என்று ஏமாந்து நிற்க வேண்டாம். துறையிலிருந்து ஐன்சீலெம் பக்கம்தான், ஆனால் ஏற்றம். முட்டிவலிக்காரர்கள் பஸ் ஏறுவது நல்லது. வலேட்டாவிலிருந்து நேராகப் போகும் வேகப்படகு முக்கால் மணி நேரம் எடுக்கும். காற்று பலத்தால் முதலில் நிற்பது அதுதான்.

வேதாகமத்தில் பவுல் கப்பல் உடைந்து கரையேறிய மெலித்தா இந்த மால்டாதானா?
– வாசகர், செங்கோட்டை

அதேதான். அப்போஸ்தலர் 27இல் வரும் யூரோக்கிலிதோன் காற்றை, இன்றும் மால்டாக்காரர் பயப்படும் வடகிழக்குக் காற்று என்றே பலர் கொள்கிறார்கள். அவர்கள் அதை ‘கிரிகால்’ என்பார்கள். பவுல் கரையேறிய திருநாள் பிப்ரவரி 10, அன்று அரசு விடுமுறை.

மகன் கொண்டுவந்த ‘தேன் வளையம்’ என்ற மால்டா இனிப்பு பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் செய்யலாமா?
– வாசகி, அருமனை

பெயரில்தான் தேன். உள்ளே இருப்பது கரும்புச்சாற்றுக் கறுப்புப் பாகு. உங்கள் ஊரில் கருப்பட்டி இருக்க, அதைத் தேடி அலைய வேண்டாம். சுவையில் கொஞ்சம் வேறுபடும், எங்கள் நாக்குக்கு இதுவே மேல்.

350 கிராம் கருப்பட்டியை 250 மி.லி. தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் மணல் பல்லில் நெறுநெறுக்கும். ஒரு ஆரஞ்சுத் தோலைத் துருவி (வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும்), ஒரு டீஸ்பூன் சோம்பு, கால் டீஸ்பூன் கிராம்புத் தூள், ஒரு டேபிள்ஸ்பூன் கோகோ சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். தீயைக் குறைத்து 100 கிராம் ரவையைத் தூவிக் கிளறி, ஓரம் விட்டு வரும்போது இறக்குங்கள். முழுக்க ஆறவேண்டும். சூட்டோடு வைத்தால் மாவிலுள்ள வெண்ணெய் உருகிக் கிழியும்.

மாவுக்கு மைதா 400 கிராம், வெண்ணெய் 100, சர்க்கரை 75, பிசையத் தேவையான ஆரஞ்சுச் சாறு. அரைமணி ஊறவிட்டு மெல்லியதாகத் தேய்த்து, 22 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். நடுவில் விரல் கனத்துக்குப் பூரணம் வைத்துச் சுருட்டி, முனைகளை இணைத்து வளையமாக்குங்கள். மேலே கத்தியால் அங்கங்கே கீறிவிடுங்கள். இது அழகுக்கு மட்டுமில்லை, கீறல் இல்லாவிட்டால் ஆவி தானாக ஒரு வழி பண்ணிக்கொண்டு பாகு வழிந்துவிடும். 190 டிகிரி ஓவனில் சுடுங்கள், 15 நிமிடத்துக்கு மேல் கவனமாக இருங்கள். மாவு வெளுப்பாக இருக்கும்போதே எடுக்க வேண்டும், சிவந்தால் மறுநாள் கல்லாகிவிடும். ஓவன் இல்லையென்றால் பக்கத்துப் பேக்கரியில் கேளுங்கள். ரொட்டி சுட்டு முடித்துச் சூடு இறங்கும் போர்மா (பேக்கரி அடுப்பு) இதற்குத் தோதாக இருக்கும்.

பூசை முடிந்து கொடுக்கும் செஸ்ட்நட் பானத்துக்குப் பலாக்கொட்டை போடலாமா?
– வாசகர், மூணாறு

‘இம்புல்யூத்தா’வைச் சொல்கிறீர்கள். காய்ந்த செஸ்ட்நட் கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, இடுக்கில் ஒட்டிய பழுப்புத் தோலைச் சுரண்டி எடுத்து (துவர்ப்பே அதில்தான்), கோகோ, சர்க்கரை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு போட்டு வேகவைப்பார்கள். குடிப்பதைவிடக் கரண்டியால் சாப்பிடுவதே அதிகம். பலாக்கொட்டையின் மாவுத்தன்மை பொருந்தும், ஆனால் டிசம்பரில் பலாவுக்கு எங்கே போவது? சித்திரையில் மண்ணில் புதைத்து வைத்த கொட்டை மிச்சமிருந்தால் செய்யுங்கள். கோகோவைப் பச்சைத் தண்ணீரில் குழைத்த பிறகே ஊற்றுங்கள், சர்க்கரையைக் கொட்டை வெந்த பிறகு போடுங்கள்.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்? குளிருக்கு என்ன எடுத்துப் போவது?
– வாசகர், களியக்காவிளை

ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் என்றாலும் டிசம்பர் பயணத்துக்கு செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

குளிர் 12 முதல் 17 டிகிரிதான், மூணாறுக்காரருக்கு அது குளிரே இல்லை. ஆனால் அங்கே கல் வீடுகள், பலவற்றில் சூடேற்றும் வசதி கிடையாது, மழைக்கால ஈரம் வேறு. வெளியே போட ஒரு கோட் இருந்தால், வீட்டுக்குள் போட இரண்டு ஸ்வெட்டரும் கனமான காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டே சரி.