எடைப் பயிற்சியில் தீவிரமாக இருப்பவர்கள் உடற்கட்டின் பழைய சாம்பியன்களை அறிந்திருக்க வேண்டுமா?

கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் பதில். எந்த ஆண்டில் யார் உடற்கட்டின் உச்சப் பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை வென்றார் என்று வரிசை மாறாமல் ஒப்பிக்கத் தெரியாதவரும் நன்றாக ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) செய்யலாம், மார்பையும் தோளையும் வளர்க்கலாம். அந்தப் பட்டியலை நான் வற்புறுத்தவில்லை. ஒரு சாம்பியன் எப்படிப்பட்ட எலும்புக் கட்டோடு பிறந்தவர், எப்படிப் பயிற்சி செய்தார், அவர் காலத்தில் என்னென்ன மருந்துகள் புழங்கின, மேடையை விட்டு இறங்கிய பிறகு அவர் உடல் என்ன ஆயிற்று என்பவற்றைச் சேர்த்து அறிவதையே சொல்கிறேன். பல ஆண்டுகளாக எடை தூக்கி வருபவன், இளையவர்களுக்குச் சொல்லித்தரவும் செய்பவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: ஜிம்மில் நமக்குச் சொல்லப்படும் விதிகளில் பல யாரோ ஒரு பழைய சாம்பியனிடமிருந்து கிளம்பியவை. வழியில் அவருடைய பெயரும் உடல்வாகும் உதிர்ந்துபோய், விதி மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அது நமக்குப் பொருந்துமா என்று தெரிய வேண்டுமானால், கிளம்பிய இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ப்ரீச்சர் கர்லை எடுத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த பலகையில் மேற்கையை அழுத்தி வைத்து எடையை மடக்கித் தூக்கும் இந்தப் பயிற்சிக்கு ஸ்காட் கர்ல் என்றும் ஒரு பெயர் உண்டு. 1965, 1966 ஆகிய முதல் இரண்டு மிஸ்டர் ஒலிம்பியா பட்டங்களையும் வென்ற லாரி ஸ்காட், வட ஹாலிவுட்டில் வின்ஸ் ஜிரோண்டா நடத்திய ஜிம்மில் இந்தப் பலகையில் கைகளை வளர்த்தவர். மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸ் அவருக்கு முழங்கை மடிப்பு வரை இறங்கி நிற்பதைப் பார்த்தவர்கள், பலகைதான் தசையைக் கீழ்வரை நீட்டியது என்று முடிவு கட்டிவிட்டார்கள். "பைசெப்ஸ் அடியில் இறங்க வேண்டுமானால் ப்ரீச்சர் போடு" என்ற அறிவுரை இன்றும் காதில் விழுகிறது. உங்கள் கையைச் செங்கோணமாக மடக்கி, பைசெப்ஸை இறுக்கி, தசை முடியும் இடத்துக்கும் முழங்கை மடிப்புக்கும் நடுவே மறு கையின் விரல்களை வைத்துப் பாருங்கள். ஒரு விரல்தான் கொள்ளும் என்றால் உங்களுக்கு நீண்ட தசை. இரண்டு மூன்று விரல்கள் கொண்டால் தசை குட்டை, அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் நீளம். இது பிறப்பிலேயே அமைவது. எந்தப் பலகையும் அதை மாற்றாது. ஸ்காட்டுக்கு நீண்ட தசை வாய்த்திருந்தது. அவர் உழைத்து ஈடுசெய்தது வேறொரு குறையை: தோளெலும்பு குறுகலாக இருந்ததால், பக்கவாட்டுத் தோள் தசையை வளர்த்து அகலத்தைக் கொண்டுவந்தார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் தோள் வேலையைத்தான். பெரும்பாலோர் எடுத்துக்கொண்டதோ பைசெப்ஸை.

சாம்பியன் பெயரைத் தாங்கிய பயிற்சிகளில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது யேட்ஸ் ரோ. எடைத் தட்டுகள் மாட்டிய நீண்ட கம்பியான பார்பெல்லை உள்ளங்கை முன்னோக்கி இருக்கும்படி பிடித்து, உடம்பை அரைகுறையாகக் குனிந்து, அடிவயிற்றை நோக்கி இழுப்பது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் தரைத்தளத்துக்குக் கீழே இருந்த டெம்பிள் ஜிம்மில் பயிற்சி செய்து, 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா ஆன டோரியன் யேட்ஸின் முதுகைப் பார்த்தவர்கள் இந்தப் பயிற்சியை உலகம் முழுவதும் கொண்டுபோனார்கள். அவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1994 இல், போட்டி நெருங்கிக்கொண்டிருந்தபோது, இந்தப் பிடியில் பெரும் எடையை இழுக்கையில்தான் யேட்ஸின் இடது பைசெப்ஸ் கிழிந்தது. அதன் பிறகு அவர் உள்ளங்கை உடலை நோக்கும் வழக்கமான பிடிக்கு மாறிக்கொண்டார். பெயருக்கு உரியவரே கைவிட்ட பிடியை, அவர் பெயரைச் சொல்லி, இருபது வயதுப் பையனிடம் தட்டுக்கு மேல் தட்டாக ஏற்றச் சொல்லும் மாஸ்டர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மிதமான எடையில் அது நல்ல பயிற்சிதான். ஆனால் பைசெப்ஸ் தசைநாண் முழுதும் நீண்டிருக்கும் நிலையில் பெரும் பளு தொங்குகிறது என்பதை அறிந்து செய்வது வேறு, அறியாமல் செய்வது வேறு.

யேட்ஸ் என்றவுடன் எல்லோரும் சொல்லும் 'ஒரே ஒரு செட்' (ஒரு பயிற்சியை நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரே ஒரு சுற்று) என்பதும் இப்படிப் பாதி மட்டும் வந்து சேர்ந்த செய்தியே. குறைவாக, ஆனால் முழுத் தீவிரத்தோடு பயிற்சி செய்ய வேண்டும் என்பது நாட்டிலஸ் பயிற்சிக் கருவிகளை உருவாக்கிய ஆர்தர் ஜோன்ஸின் கருத்து. அதை உடற்கட்டு வீரர் மைக் மென்ட்சர் எடுத்து வளர்த்தார். அவர்களிடமிருந்து யேட்ஸ் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். அவர் செய்தது ஒரு செட் என்று கணக்கில் வருகிறது. அதற்கு முன்னால் எடையைக் கூட்டிக்கூட்டி அவர் செய்த ஆயத்த செட்டுகள் நம்மில் பலருக்கு முழு வேலையாகவே இருக்கும். ஒவ்வொரு நாள் பயிற்சியையும் குறிப்பேட்டில் எழுதி, எது உதவுகிறது எது உதவவில்லை என்று பார்த்து, சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் அவர் அந்த அளவுக்கு வந்தார். இந்தப் பின்னணி தெரியாதவர், நேராக ஒரு செட்டில் தொடங்கி, மூன்று மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறார்.

இதே பட்டத்தை எட்டு எட்டு முறை வென்ற இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்ப்பது எனக்குப் பல பயிற்சி நூல்களைவிடப் பயன்பட்டது. லீ ஹேனி 1984 முதல் 1991 வரை வென்றார். அதில் 1990 ஆம் ஆண்டுப் போட்டி ஊக்கமருந்துச் சோதனையோடு நடந்தது, அதிலும் அவரே வென்றார். தசையைத் தூண்டு, அழித்துவிடாதே என்பது அவருடைய கொள்கை. எட்டாவது பட்டத்தோடு, 31 வயதில், உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லாமல் ஓய்வுபெற்றார். டெக்சாஸின் ஆர்லிங்டனில் காவலராகப் பணியாற்றிய ரோனி கோல்மன் 1998 முதல் 2005 வரை வென்றார். 800 பவுண்டு, அதாவது சுமார் 363 கிலோ எடையைத் தோளில் வைத்து இரண்டு முறை உட்கார்ந்து எழுந்த மனிதர். அதன் பின்னர் முதுகெலும்பிலும் இடுப்பிலும் அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சையாக நடந்து, இன்று ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் இல்லாமல் அவரால் நடமாட முடிவதில்லை. தாம் வாழ்ந்த விதத்தில் வருத்தம் இல்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், அந்த மன உறுதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அவருடைய காணொளிகளைப் பார்த்துவிட்டுத் தம் கட்டிக்கொண்டு பார்பெல்லுக்கு அடியில் போகும் இளைஞனுக்கு, ஹேனியும் அதே எட்டுப் பட்டங்களை வென்றார் என்ற செய்தி தெரிந்திருக்க வேண்டாமா?

மருந்து விஷயத்தில்தான் வரலாறு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. ஃபிராங்க் ஜேன் 1979 இல் மூன்றாவது முறையாக மிஸ்டர் ஒலிம்பியா ஆனபோது சுமார் 85 கிலோ இருந்தார். 1993 இல் யேட்ஸ் மேடையில் சுமார் 116 கிலோ. 2003 இல் கோல்மன் சுமார் 130 கிலோ. மூவரின் உயரத்துக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர் வேறுபாடுதான். இருபத்து நான்கு ஆண்டுகளில் மனிதனுடைய எலும்பும் மாறவில்லை, இரும்பும் மாறவில்லை. வளர்ச்சி ஹார்மோனும் இன்சுலினும் இந்த விளையாட்டுக்குள் நுழைந்தன. 1970 களின் வீரர்களும் ஸ்டீராய்டு எடுத்தவர்களே, அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனாலும் ஜேனின் உடலுக்கும் கோல்மனின் உடலுக்கும் இடையே உள்ள தூரம் வெறும் உழைப்பின் தூரம் இல்லை என்பது இந்த எண்களைப் பார்த்தால் புரியும். மருந்துகளால் உடலை எல்லை மீறி வற்றவைத்த ஆஸ்திரிய வீரர் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996 இல், 31 வயதில், உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்தார். போட்டி ஆசையோடு ஊசியைப் பற்றி விசாரிக்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது அவருடைய பெயரைத்தான்.

மருந்தில்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் பழைய சாம்பியன்களே நல்ல அளவுகோல். டயானபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்காவில் 1958 இல்தான் விற்பனைக்கு வந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பளுதூக்கும் அணியில் இடம்பெற்ற ஜான் கிரிமெக் 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் மிஸ்டர் அமெரிக்கா ஆனார். இவரை இனி யாராலும் வெல்ல முடியாது என்ற நிலையில், ஒருவர் ஒரு முறைதான் வெல்லலாம் என்று விதியையே மாற்றினார்கள். ஸ்டீவ் ரீவ்ஸ் 1947 இல் மிஸ்டர் அமெரிக்கா, 1950 இல் மிஸ்டர் யுனிவர்ஸ். 185 சென்டிமீட்டர் உயரத்துக்கு அவருடைய எடை 98 கிலோ அளவில்தான் சொல்லப்படுகிறது. கழுத்து, கை, கெண்டைக்கால் மூன்றும் ஒரே சுற்றளவில் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தவர். கைப்பேசியில் இன்று பார்க்கும் உடல்களை அளவாக வைத்துக்கொண்டு, தனக்கு வளரவே இல்லை என்று மனம் உடைபவர்கள் ஒரு முறை ரீவ்ஸின் படங்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

சமச்சீர் என்ற இந்த எண்ணம் ரீவ்ஸோடு தொடங்கியதும் அல்ல. 1901 செப்டம்பர் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உடற்கட்டின் முன்னோடி யூஜின் சாண்டோ நடத்திய போட்டியிலேயே, தசையின் பருமனோடு எல்லா உறுப்புகளின் சமமான வளர்ச்சியையும், பொதுவான உடல்நலத்தையும், தோலின் நிலையையும்கூடப் பார்த்து மதிப்பிட்டார்கள். நடுவர்களில் ஒருவர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாய்ல். மிஸ்டர் ஒலிம்பியா வெற்றியாளருக்கு இன்று வழங்கப்படுவது சாண்டோவின் உருவச் சிலைதான்.

நம் நாட்டு வரலாறும் இதில் சிறிதல்ல, ஆனால் நம் ஜிம்களில் அதைச் சொல்வார் குறைவு. அர்னால்டின் படம் ஒட்டாத சுவர் அரிது. மனோகர் ஐச்சின் படத்தை நான் எந்தச் சுவரிலும் கண்டதில்லை. இன்றைய வங்கதேசத்தில் உள்ள கோமில்லாப் பகுதியில் 1912 இல் பிறந்தவர். உயரம் 150 சென்டிமீட்டர். பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றியபோது ஆட்சியின் கொடுமையை எதிர்த்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். எந்தக் கருவியும் இல்லாத அந்தச் சிறையில் மணிக்கணக்காக உடற்பயிற்சி செய்தே தம் உடலைக் கட்டினார். 1951 இல் மனோதோஷ் ராய் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியின் குறைந்த உயரப் பிரிவில் வென்றபோது ஐச் இரண்டாம் இடம் பெற்றார். ஊருக்குத் திரும்பாமல் இங்கிலாந்திலேயே ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்து, 1952 இல் அந்தப் பட்டத்தை வென்றார். சோறு, பருப்பு, மீன், பால், பழம், காய்கறி என்பதே தம் உணவு என்று முதுமையில் சொன்னார். 2016 இல், 104 வயதில் இறந்தார். உயரம் போதாது, உணவுக்குப் பணம் போதாது, நல்ல ஜிம் இல்லை என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவருடைய கதையைச் சொல்கிறேன்.

ஆய்வுகள் இவ்வளவு வந்த பிறகு பழையவர்களின் அனுபவம் எதற்கு என்று கேட்பவர்களுடைய பேச்சில் நியாயம் உண்டு. சாம்பியன்கள் வென்றவர்கள்; அதே பயிற்சியைச் செய்து தோள் கிழிந்து வீட்டுக்குப் போனவர்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. ஆகவே ஒரு சாம்பியன் செய்தார் என்பதாலேயே ஒரு முறை சரியாகிவிடாது. ஆனால் பயிற்சி ஆய்வுகளில் பெரும்பாலானவை சில வாரங்களோ மாதங்களோ நடப்பவை. முப்பது ஆண்டுகள் எடை தூக்கிய உடல் அறுபது வயதில் எப்படி இருக்கும் என்பதை அவை காட்ட முடியாது. இந்த மனிதர்களின் வாழ்க்கை காட்டுகிறது. தீவிரமாகப் பயிற்சி செய்பவருக்கு இரண்டும் வேண்டும் என்றே நினைக்கிறேன். உடல்நலத்துக்காக வாரம் மூன்று நாள் வந்துபோகிறவருக்கு இந்த வரலாறு இல்லாவிட்டாலும் குறையில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றால், உங்கள் உயரத்துக்கும் எலும்புக் கட்டுக்கும் நெருக்கமான ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். குள்ளமானவர் ஐச்சையும், 165 சென்டிமீட்டர் உயரத்தில் 1976, 1981 ஆகிய ஆண்டுகளில் மிஸ்டர் ஒலிம்பியா ஆன ஃபிராங்கோ கொலம்புவையும் படிக்கலாம். மெல்லிய எலும்புக்காரருக்கு ஜேன், உயரமானவருக்கு ரீவ்ஸ். எல்லோருக்கும் பொதுவாக நான் சொல்வது, மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டத்தை 1951, 1958, 1965 என மூன்று முறை வென்ற, அர்னால்டே தம் இளமையில் முன்மாதிரியாக வைத்திருந்த ரெக் பார்க்கை. அவருடைய ஐந்துக்கு ஐந்து முறையில் முதல் இரண்டு செட்டுகள் எடையைப் படிப்படியாகக் கூட்டும் ஆயத்தம். அடுத்த மூன்று செட்டுகளும் ஒரே எடையில், ஒவ்வொன்றிலும் ஐந்து ரெப், அதாவது ஐந்து முறை தூக்குவது. அந்த மூன்றையும் முழுமையாக முடித்த பிறகே எடையைக் கூட்ட வேண்டும். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது) ஆகியவற்றில் இதைச் சில மாதங்கள் செய்து குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுடைய முறைகளைப் படிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்களுடைய சொந்தக் கணக்கு ஒன்று கையில் இருக்கும்.