சார்ஜர் பின் ஆடுதா? கேளுங்கள், சொல்கிறேன்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னக் கடையில் லேப்டாப் பழுது பார்க்கிறேன். வந்த கேள்விகளைக் கைக்குக் கிடைத்த வரிசையில் எடுக்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து: அக்கா, வயரை வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. லேப்டாப்பில் சார்ஜர் செருகும் ஜாக் போச்சா?

முதலில் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். அதே வோல்ட், அதே பின் உள்ள வேறொரு சார்ஜரைச் செருகிப் பாருங்கள், ஒழுங்காக ஏறினால் உங்கள் வயர்தான் கழுத்தில் அறுந்திருக்கிறது, அதிலும் விட்டு விட்டு வந்தால் ஜாக். ஆனால் ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டி ஓட்டாதீர்கள். சரியாகத் தொடாத இடத்தில் பொறி பறந்து சூடேறும். போன வாரம் வந்த ஒரு மெஷினில் ஜாக்கைச் சுற்றி பிளாஸ்டிக் முறுக்கு நிறத்துக்கு வறுபட்டிருந்தது.

பெரம்பூரிலிருந்து: மதர்போர்டையே மாற்றணும் என்கிறார்கள் மேடம்.

ஜாக்கைக் கழற்றிப் பார்த்தார்களா சார்? பல மாடல்களில் ஜாக் தனி வயரோடு வரும், பிடுங்கிவிட்டுப் புதிதை மாட்டினால் தீர்ந்தது. போர்டிலேயே பற்றவைத்திருந்தாலும் பெரும்பாலும் ஜாக்கை மட்டும் மாற்றலாம். அங்கே பற்றவைத்த இடத்தில் ஜாக்கின் பின்னைச் சுற்றி முடி அளவுக்கு வட்டமாக ஒரு விரிசல் விழுந்திருக்கும், லென்ஸ் வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இன்னொரு கடையில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

தாம்பரம், டிப்ளமோ மாணவர்: ஜாக்கைக் கழற்ற 25 வாட் சால்டரிங் அயர்ன் வைத்தேன் அக்கா, பற்றவைத்த பழைய ஈயம் உருகவே மாட்டேன் என்கிறது.

எப்படித் தம்பி உருகும்? ஜாக்கின் கிரவுண்ட் பின் (மின்சாரம் திரும்பும் கால்) போர்டுக்குள் இருக்கும் பெரிய தாமிரப் பரப்போடு சேர்ந்திருக்கிறது, நீ கொடுக்கிற சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். போதாததற்கு கம்பெனியில் போடுவது பெரும்பாலும் ஈயமே கலக்காத சால்டர் (பற்றவைக்கும் உலோகம்), அது சுமார் 217 டிகிரியில்தான் இளக ஆரம்பிக்கும், நாம் வாங்கும் 60/40 ஈயமோ (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) 183 டிகிரியிலேயே இளகும். அதனால் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பரவ உதவும் பசை) தடவி, பழையதின் மேல் புது ஈயத்தைக் கொஞ்சம் ஊட்டு. இரண்டும் கலந்து பளபளவென்று குளம் கட்டும், அப்புறம் விக் என்கிற தாமிரப் பின்னல் நாடாவை வைத்து உறிஞ்சு. 60 வாட் அயர்ன், தட்டை முனை. அவசரப்பட்டு ஜாக்கை இழுத்தால் துளைக்குள் இருக்கும் தாமிரமும் கூடவே வந்துவிடும், தொழில் பழகும்போது அப்படி ஒரு போர்டைக் கெடுத்து என் கைக்காசைக் கட்டியிருக்கிறேன். ஆமாம், பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றினாயா?

அடையாறிலிருந்து: சார்ஜர் போட்டால் லேப்டாப் ஓடுகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை.

டெல், ஹெச்பியின் உருண்டை பின்னாக இருந்தால் டார்ச் அடித்து நடு ஊசியைப் பாருங்கள். இது எந்த சார்ஜர் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அந்த ஊசி. வளைந்தோ உடைந்தோ இருந்தால் ஓடும், பேட்டரி ஏறாது.

டைப்-சி கேட்டவருக்கு: ஆஃப் செய்துவிட்டு, பல்குத்தும் மரக்குச்சியால் உள்ளே அடைந்த பஞ்சை மெதுவாக எடுங்கள். போர்ட்டே உடைந்திருந்தால் ஹாட் ஏர் (சூடான காற்றால் ஈயத்தை உருக்கும் மெஷின்) உள்ள கடைக்குப் போங்கள். நெருக்கமாக 24 பின், வீட்டு சால்டரிங் அயர்னில் நடக்காது.

கடைசியாக ஒருவர்: ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடலாமா?

வேண்டாம் சார். போன மாதம் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தார், பின்னும் ஜாக்கும் ஒரே கட்டை. இரண்டையும் அறுத்துத்தான் எடுத்தேன், ஜாக் காசோடு சார்ஜர் காசும் சேர்ந்தது.