ஏரியில் விழுந்த பந்து முதல் கிணற்றுக் கயிறு வரை: முன்னேறு அலை பற்றிய கேள்வி பதில்

தருமபுரியில் பல வருடம் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முன்னேறு அலையில், அதாவது ஓரிடத்தில் எழுந்து தொடர்ந்து முன்னே போய்க்கொண்டிருக்கும் அலையில், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான், வேஷம் மட்டும் வேறு: அலை ஓடுகிறது என்றால் உண்மையில் ஓடுவது எது?

பென்னாகரம், 9ஆம் வகுப்பு மாணவன்: சார், ஏரியில் பந்து விழுந்துவிட்டால் அதற்கு அந்தப்பக்கம் கல் எறிந்து அலை எழுப்புவோம். பந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு வரும். ஆனால் அலை பொருளைக் கொண்டு போகாது என்று புத்தகத்தில் இருக்கிறதே?

நீ பார்த்ததும் சரி, புத்தகமும் சரி தம்பி. அலை கடக்கும்போது தண்ணீரின் ஒவ்வொரு துளியும் சின்ன வட்டம் போடுகிறது. முகட்டில் இருக்கும்போது முன்னால் போகிறது, பள்ளத்தில் பின்னால் வருகிறது. ஒரு சுற்று முடிந்தால் கிளம்பின இடத்துக்கே, கிட்டத்தட்ட, வந்துவிடுகிறது. அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் உன் பந்து நகர்கிறது. அலை பெரிதாக இருந்தால் வட்டம் சரியாக மூடாது, சுற்றுக்குச் சுற்று துளி முன்னே போகும். அதோடு, கல் விழுந்த வேகத்தில் தண்ணீரே தள்ளப்படுகிறது, காற்றும் சேர்ந்துகொள்கிறது. புத்தகம் சொல்வது வீச்சு (நடுநிலையிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது) மிகச் சிறிய அலையைப் பற்றி.

ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி ஒரு காய்ந்த இலையைப் போடு. ஓரத்தில் ஒரு விரலால் மெதுவாகத் தொடு. சிற்றலை இலையைத் தாண்டி எதிர் ஓரத்தைத் தொட்டுவிடும். இலை இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். எதிர் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஆற்றல், தண்ணீர் அல்ல. (பந்துக்காக ஏரியில் இறங்கிவிடாதே. அதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது, திட்டுதான்.)

பாலக்கோடு, பிளஸ் ஒன் மாணவி: அலைக்கு இரண்டு வரைபடம் போடுகிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. அலைநீளத்தை எதில் பார்ப்பது?

விடைத்தாள் திருத்தும்போது அதிக மதிப்பெண் போவது இங்கேதான் பாப்பா. வளைவைப் பார்க்காதே, முதலில் கிடை அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்.

ஒரு கயிற்றை ஆட்டுகிறாய் என்று வைத்துக்கொள். முழுக் கயிறும் தெரிகிற மாதிரி செல்போனில் ஒரு போட்டோ எடுத்தால் அது தொலைவு வரைபடம். ஒரு நொடியில் உறைந்த கயிறு. அதில் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள இடைவெளி அலைநீளம். அப்புறம் கயிற்றில் ஓரிடத்தில் சிவப்பு நூல் கட்டி, மற்றதையெல்லாம் மறந்து அந்த நூலை மட்டும் வீடியோ எடு. அது நேர வரைபடம். அதில் முகட்டிலிருந்து முகடு வரை உள்ளது அலைவு நேரம். போட்டோவில் நேரம் இல்லை, நூலின் வீடியோவில் தூரம் இல்லை. அதனால் அலையின் வேகம் வேண்டுமானால் இரண்டும் வேண்டும். போட்டோவில் 0.8 மீட்டர், வீடியோவில் 0.02 விநாடி என்றால் வேகம் 0.8 ÷ 0.02, அதாவது விநாடிக்கு 40 மீட்டர்.

நேர வரைபடத்தின் சாய்வை எடுத்து அதுதான் அலையின் வேகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது நூல் மேலும் கீழும் ஆடுகிற வேகம். இன்னொன்று, போட்டோவைக் கொடுத்து 'இந்தத் துகள் இப்போது எந்தப் பக்கம் நகர்கிறது' என்று கேட்பார்கள். அலை போகிற திசையில் வளைவை இம்மியளவு தள்ளி இன்னொரு கோடு வரை. அந்த இடத்தில் புதுக் கோடு மேலே இருந்தால் துகள் மேலே போகிறது, கீழே இருந்தால் கீழே.

அரூர், பிளஸ் ஒன் மாணவன்: சமன்பாட்டில் கழித்தல் குறி இருந்தால் அலை வலப்பக்கம் போகிறது என்கிறார்கள். கழித்தல் என்றால் இடப்பக்கம்தானே?

எல்லோருக்கும் வருகிற சந்தேகம். மேலே சொன்ன அலையையே எடுப்போம், வீச்சு 0.02 மீட்டர். ஒய் = 0.02 சைன் (100 பை டி − 2.5 பை எக்ஸ்). இதில் ஒய் என்பது துகள் நகர்ந்த அளவு, டி நேரம், எக்ஸ் கயிற்றின் நெடுக உள்ள தூரம். ஒரு முகட்டின் மேல் ஏறி உட்கார்ந்து சவாரி போகிறாய் என்று நினை. முகடு முகடாகவே இருக்க வேண்டும் என்றால் அடைப்புக்குள் இருக்கும் மதிப்பு மாறக்கூடாது. நேரம் ஓடுகிறது, முதல் பகுதி கூடுகிறது. அதை ஈடுகட்ட, கழிக்கிற பகுதியும் கூட வேண்டும், அதாவது எக்ஸ் கூட வேண்டும். எக்ஸ் கூடுவது வலப்பக்கம்தானே? குறி கூட்டலாக இருந்தால் எக்ஸ் குறைந்தால்தான் ஈடாகும், அலை இடப்பக்கம் போகும்.

100 பையை 2.5 பையால் வகுத்தால் அதே 40 வரும். ஆனால் துகளின் உச்ச வேகம் 0.02 × 100 பை, விநாடிக்குச் சுமார் 6.3 மீட்டர்தான். அலை ஒரு வேகம், கயிறு ஒரு வேகம்.

ஓசூர், பிளஸ் ஒன் மாணவி: ஒலி நெட்டலை (துகள்கள் அலை போகிற திசையிலேயே முன்னும் பின்னும் ஆடுவது) என்கிறார்கள். அப்புறம் ஏன் மேடு பள்ளமாக வரைகிறார்கள்? மேடுதான் இறுக்கமா?

மேடு இறுக்கம் இல்லை. அது படமே இல்லை, கணக்கு. காற்றுத் துகள் தன் இடத்திலிருந்து வலமாக எவ்வளவு நகர்ந்தது என்பதை மேலே குறிக்கிறோம், இடமாக நகர்ந்ததைக் கீழே குறிக்கிறோம், அவ்வளவுதான். மேட்டில் இருக்கும் துகளும் அதன் அக்கம்பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்திருக்கின்றன. டவுன் பஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து ஒரு அடி முன்னால் போனால் நெரிசல் கூடுமா? கூடாது. பின்னால் இருப்பவர் முன்னால் வந்து, முன்னால் இருப்பவர் பின்னால் வந்தால்தான் நடுவில் இருப்பவர் நசுங்குவார். அதனால் இடமிருந்து வலமாக வளைவு மேலிருந்து கீழே இறங்கிச் சுழியைக் கடக்கும் இடம்தான் இறுக்கம். கீழிருந்து மேலே ஏறிக் கடக்கும் இடம் தளர்வு.

கிருஷ்ணகிரி, ஒரு மாணவனின் அம்மா: எங்கள் வீட்டிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் கல் குவாரி. வெடி வைத்தால் முதலில் ஜன்னல் அதிர்கிறது, சத்தம் அப்புறம் வருகிறது. பையன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பையன் நல்ல கேள்வி கேட்டிருக்கிறான் அம்மா. வெடி ஒன்றுதான், அதன் ஆற்றல் இரண்டு வழியாக உங்கள் வீட்டுக்கு வருகிறது. பாறை வழியாக விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேகம், அதனால் ஒரு விநாடிக்குள் தரை அதிர்ந்துவிடும். காற்று வழியாக வருவது விநாடிக்குச் சுமார் 346 மீட்டர் (வெப்பநிலை 25 டிகிரி இருந்தால்), அது வர கிட்டத்தட்ட 6 விநாடி. பையனிடம் அதிர்ந்ததும் எண்ணச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: பாறையில் குறுக்கலை (துகள்கள் அலை போகிற திசைக்குக் குறுக்கே ஆடுவது), நெட்டலை இரண்டும் போகும். காற்றை வளைத்தால் அது பழையபடி திரும்பி வர அடம் பிடிக்காது, அதனால் காற்றுக்குள் ஒலி நெட்டலையாக மட்டுமே போகிறது.

ஊத்தங்கரை, 9ஆம் வகுப்பு மாணவன்: சத்தமாகக் கத்தினால் சீக்கிரம் போய்ச் சேருமா?

சேராது. வீச்சு கூடும், வேகம் அதேதான். மெதுவாகக் கூப்பிட்டாலும் போதும், அம்மாவுக்குக் கேட்டால் சரி.

மொரப்பூர், பிளஸ் ஒன் மாணவி: ஒலி காற்றிலிருந்து தண்ணீருக்குள் போனால் அதிர்வெண் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது) மாறுமா?

மாறாது. அதிர்வெண்ணை முடிவு செய்வது ஒலியை எழுப்பும் பொருள், வேகத்தை முடிவு செய்வது ஊடகம் (ஒலி கடந்து போகும் பொருள்), இரண்டும் சேர்ந்து அலைநீளத்தை முடிவு செய்கின்றன. விநாடிக்கு 256 முறை அதிரும் (256 ஹெர்ட்ஸ்) இசைக்கவையின், அதாவது தட்டினால் ஒரே சுரம் எழுப்பும் உலோகக் கவையின், ஒலி காற்றில் சுமார் 1.35 மீட்டர் அலைநீளம். தண்ணீரில் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1480 மீட்டர், அலைநீளம் 5.8 மீட்டர்.

காரிமங்கலம், விவசாயி: கிணற்றில் தொங்கும் கயிற்றைக் கீழே நின்று ஒரு சுண்டு சுண்டினால் நெளிவு மேலே போகப்போக வேகம் எடுக்கிற மாதிரி இருக்கிறது. கண் ஏமாற்றுகிறதா ஐயா?

ஏமாற்றவில்லை ஐயா. கயிற்றில் அலையின் வேகம் இழுவிசையைப் பொறுத்தது. கீழ் நுனியில் தாங்க வேண்டிய எடையே இல்லை, மேலே போகப்போகக் கீழே தொங்கும் கயிறு முழுவதையும் தாங்க வேண்டியிருக்கிறது. இழுவிசை நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. 10 மீட்டர் கயிறு என்றால் நெளிவு மேலே போக ஏறக்குறைய 2 விநாடி. கயிறு கனமா மெல்லிசா என்பதைப் பொறுத்து இது மாறாது, ஏனென்றால் எடை கூடினால் இழுவிசையும் அதே அளவு கூடிவிடுகிறது. கீழே தண்ணீர் நிறைந்த வாளியைக் கட்டிவிட்டால் கதை வேறு. அப்போது வாளியின் எடைதான் பெரிது, கயிறு முழுக்க இழுவிசை ஏறக்குறைய ஒன்று, நெளிவும் ஒரே வேகத்தில் சர்ரென்று மேலே போய்விடும். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு எத்தனை விநாடி ஆனது என்று சொல்லுங்கள்.