பேட்டரி இறங்கிய ஆட்டோமேட்டிக் காரை நியூட்ரலுக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. கார் வழியை மறித்து நிற்கிறது. கியர் லீவர் பார்க்கிலிருந்து அசையவே மாட்டேன் என்கிறது. காரைத் தள்ளி ஓரங்கட்ட என்ன செய்வது?

பதில்: லீவரைப் பலம் கொடுத்து இழுக்காதீர்கள். அது உடையலாம். பிரேக்கை மிதித்தால்தான் பார்க்கிலிருந்து லீவர் நகரும். அதுவரை லீவரை ஒரு பூட்டு பிடித்திருக்கும். அந்தப் பூட்டைத் திறப்பது மின்சாரம். பேட்டரி இறங்கினால் பூட்டும் அப்படியே நின்றுவிடும். (பேட்டரி நன்றாக இருந்தும் லீவர் நகரவில்லையா? பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்சையோ ஃபியூஸையோ சந்தேகப்படலாம்.)

பூட்டைத் திறக்கும் முன் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். சரிவாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் கல்லோ கட்டையோ கட்டாயம் வேண்டும். நியூட்ரலுக்கு வந்த பிறகு கியர் காரைப் பிடித்து நிறுத்தாது. அவசரத்தில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

இனி லீவரின் பக்கத்தில் பாருங்கள். பல கார்களில் விரல்நுனி அளவுக்கு ஒரு சின்ன மூடி இருக்கும். சிலவற்றில் 'ஷிஃப்ட் லாக்' என்றே எழுதியிருக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவரின் முனையில் துணி சுற்றி, மூடியை மெல்ல நெம்பி எடுங்கள். சாவி போட்டுத் திருப்பும் காராக இருந்தால், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி வையுங்கள். பிரேக்கை மிதித்தபடி, ஸ்க்ரூடிரைவரை அந்தத் துளைக்குள் நேராக விட்டு அழுத்துங்கள். உள்ளே ஏதோ இறங்குவது கைக்குத் தெரியும். அழுத்திய நிலையிலேயே, லீவரின் பட்டனையும் பிடித்து நியூட்ரலுக்கு நகர்த்துங்கள். மூடி கண்ணில் படவில்லை என்றால் காரின் கையேட்டைப் பாருங்கள். சில கார்களில் அது லீவரைச் சுற்றியுள்ள உறைக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

சரிவில் நிற்கும் காரில் இவ்வளவு செய்தும் லீவர் இறுக்கமாகவே இருக்கலாம். காரின் எடை முழுவதும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கியின் மேல் விழுவதுதான் காரணம். இரண்டு பேர் காரை மேட்டுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் கொக்கி தளரும்.

லீவருக்குப் பதில் பட்டனோ திருகு குமிழோ உள்ள கார்களிலும், எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களிலும் கதை வேறு. அங்கே பெரும்பாலும் ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்து, அதாவது வேறொரு பேட்டரியைக் கேபிளால் இணைத்து, மின்சாரம் வரவைப்பதே நல்ல வழி.

தள்ளும்போது ஒருவர் கட்டாயம் டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாததால் ஸ்டியரிங் கனக்கும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல் போல் இறுகும். அப்போது முழு பலத்தோடு மிதித்தால்தான் கார் நிற்கும். சில மீட்டர் தள்ளுவதில் தவறில்லை. ஆனால் நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாது, உள்ளே தேய்ந்து வீணாகும். மேடை வண்டியில் ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள்.