எலக்ட்ரிக் சைக்கிள்ல உக்கார்ற எடம் வலிக்குது, ஜெல் கவர் போடலாமா, இல்ல பெரிய சீட்டா மாத்திடலாமா?

அண்ணா, ஜெல் கவர் வேணாம். காட்பாடியிலருந்து பாகாயத்துக்கு தினமும் போறீங்க, அம்பது வயசு, பாதி வழியிலயே வலி எடுக்குது, சில நாள் தொடை இடுக்கு மரத்துப்போகுதுன்னு எழுதியிருக்கீங்க. அந்த மரத்துப்போறது தான் எனக்கு முக்கியமா படுது, மெத்துமெத்துன்னு எதையாவது மேல போட்டா அது இன்னும் ஜாஸ்தியாகத்தான் வாய்ப்பு.

ஏன்னா நாம உக்கார்றப்போ வெயிட்டு தாங்கறது ரெண்டு எலும்பு, புட்டத்துக்கு அடியில தரையில சம்மணம் போட்டு உக்காந்தா குத்துமே அதான். ரொம்ப சாஃப்டான சீட்டுல அந்த எலும்பு ரெண்டும் உள்ள அமுங்கிடும், நடுவுல இருக்கற ஜெல்லு பிதுங்கி மேல வந்து நரம்பும் ரத்தக்குழாயும் ஓடற எடத்த அழுத்தும். கடையில விரல வச்சு அமுக்கிப் பாத்து ஆஹான்னு வாங்கிடறோம், அஞ்சு நிமிஷத்துக்கு அது சுகமாத்தான் இருக்கும், வலி அதுக்கப்புறம் தான் வரும். கொஞ்சம் கெட்டியா, எலும்புக்கு சரியான அகலத்துல, நடுவுல பள்ளமோ ஓட்டையோ இருக்கற சீட்டு தான் உங்களுக்கு வேணும்.

அகலத்த வீட்டுலயே பாத்துக்கலாம். பார்சல் வர்ற நெளிநெளி அட்டைய கெட்டியான ஸ்டூல் மேல வச்சு, மெல்லிசா லுங்கியோ ஷார்ட்ஸோ கட்டிகினு, முழங்காலு கொஞ்சம் மேல தூக்கினாப்புல ஒரு நிமிஷம் அழுத்தி உக்காருங்க. ரெண்டு குழி விழும், ஒரு குழியோட நடுவுலருந்து அடுத்த குழி நடு வரைக்கும் ஸ்கேல் வச்சு அளங்க, பெரும்பாலும் 10லருந்து 15 சென்டிமீட்டருக்குள்ள வரும், பொம்பளைங்களுக்கு பொதுவா கொஞ்சம் கூட இருக்கும். முன்னாடி குனிஞ்சு ஓட்டறவங்க அதோட ரெண்டு சென்டிமீட்டர் சேத்தா போதும், நம்ம எலக்ட்ரிக் சைக்கிள் ஹேண்டில் உசரமா இருக்கறதால நிமிந்து தான உக்கார்றோம், மூணு நாலு கூட சேத்துக்கலாம். அதுக்கு மேல பெருசா எடுத்தா மிதிக்கறப்போ உள்தொடை உரசி புண்ணாகும். மிதிக்கவே மாட்டேன், த்ராட்டில் முறுக்கிகினே போறேன்னா பெரிய சீட்டு தொல்லை பண்ணாது, ஆனா நீங்க மிதிக்கறேன்னு தான் சொல்லியிருக்கீங்க.

இதுல ஒண்ணு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. சாதா சைக்கிள்ல அழுத்தி மிதிக்கறதால உடம்பு வெயிட்டுல ஒரு பங்கு பெடல்ல எறங்கிடும், மேடு வந்தா எழுந்து நின்னு மிதிப்போம், அப்போ சீட்டுக்கும் நமக்கும் ரெஸ்ட்டு. மோட்டார் இழுக்கறப்போ கால் சும்மா சுத்திகினு இருக்கும், வெயிட்டு பெரும்பாலும் சீட்டு மேலயே, காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறறப்போ கூட யாரும் எழுந்திரிக்கறதில்ல. அதுவும் இல்லாம வண்டியே இருவது கிலோவுக்கு மேல, 25 கிலோமீட்டர் வேகத்துல ஸ்பீடு பிரேக்கர் மேல ஏறினா அடி நேரா முதுகெலும்புக்கு வரும். அதனால பள்ளம் வந்தா பெடல் ரெண்டையும் சமமா நிறுத்தி லேசா எழும்பிடுங்க. சீட்டுக்கு அடியில ஸ்பிரிங்கு இருந்தா நல்லது, பழைய ஹெர்குலஸ் சைக்கிள்ல பெரிய சுருள் ஸ்பிரிங்கு இருக்குமே அந்த மாதிரி. காசு போட முடியும்னா சஸ்பென்ஷன் சீட் பைப்பு, அதாவது சீட்ட தாங்கற பைப்பே குலுக்கல வாங்கிக்கற மாதிரி இருக்கறது, வாங்கிடுங்க, நம்ம ரோட்டுக்கு அது தான் நான் மொதல்ல சொல்லுவேன். பைப்பு தடிமன் வண்டிக்கு வண்டி மாறும், 27.2 எம்எம் நெறைய வண்டில வரும், உங்க பைப்ப வெளிய எடுத்தா பெரும்பாலும் அடியில பொறிச்சிருக்கும், பாத்துட்டு வாங்குங்க.

மேல் கவர் விஷயம் நம்ம ஊர்ல சின்னது இல்ல. கறுப்பு ரெக்சின் சீட்டு சித்திரை மாசம் மத்தியானம் வெளிய நின்னா உக்கார முடியாது, உக்காந்தாலும் வேர்வையில வழுக்கி தோல் வெந்து போகும். கொஞ்சம் சொரசொரப்பான கவரா எடுங்க, நிறுத்தறப்போ ஒரு துண்ட மேல போட்டு வைங்க.

தோல் சீட்டும் இருக்கு. இங்கிலாந்துல ப்ரூக்ஸ்னு ஒரு கம்பெனி, 1866ல குதிரை சேணத்து தோல் சாமான் செய்ய ஆரம்பிச்சது, இப்பவும் தோல் சீட்டு செய்யறாங்க. எங்க சித்தப்பா ராணிப்பேட்டையில டேனரில வேலை செஞ்சவரு, அவரு தான் எனக்கு வித்தியாசம் சொன்னாரு, க்ரோம்ல பதம் பண்ண தோலு மெத்துனு இழுபடும், மரப்பட்டையில பதம் பண்ண தடி தோலு மொதல்ல வெறச்சுகினு நிக்கும், போகப்போக உக்கார்றவரோட எலும்புக்கு ஏத்தாப்புல குழி வாங்கிக்கும், சைக்கிள் சீட்டுக்கு அது தான் சரின்னு. எனக்கு ரொம்ப பிடிச்ச சமாச்சாரம் இது, ஆனா விலை ஜாஸ்தி, ஐப்பசி மழையில நனைஞ்ச தோலு மேல உக்காந்தா தொங்கிடும், வெளியில வண்டி நிறுத்தறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எத வாங்கறதுக்கும் முன்னாடி இப்ப இருக்கற சீட்டையே சரி பண்ணிப் பாருங்க. குதிகால பெடல் மேல வச்சு பெடல் கீழ இருக்கறப்போ காலு நேரா நீளணும், அதான் சரியான உசரம். ரெண்டு பாதமும் தரையில பதியணும்னு சீட்ட எறக்கி வச்சிருந்தா வெயிட்டு பூரா புட்டத்துக்குத்தான், முட்டியும் சேந்து வலிக்கும். ஆனா பைப்புல போட்டிருக்கற கோட்டுக்கு மேல ஏத்தாதீங்க. சீட்டோட முன்பக்க மூக்கு மேல தூக்கிகினு இருந்தா அலன் கீ வச்சு லூஸ் பண்ணி மட்டமா வைங்க, மரத்துப்போறது பாதி இதுலயே கொறையலாம். அப்பவும் மரத்துப்போறது நிக்கலன்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க, தள்ளிப்போடாதீங்க.

இன்னொண்ணு, சில வண்டில பேட்டரிய சீட்டுக்கு கீழ மேல்பக்கமா உருவணும், ஸ்பிரிங்கு வச்ச அகல சீட்டு அங்க இடிக்கும். கடையிலயே மாட்டிட்டு பேட்டரிய ஒரு தடவ கழட்டிப் பாத்துட்டு காசு குடுங்க. அட்டையில எவ்ளோ வந்துச்சுன்னு எழுதுங்கண்ணா, எந்த அகலம் தேடலாம்னு சொல்றேன்.